ஏ. சிவபாதம் என்ற பெயருக்கு வந்த கடிதம்

என் மருமகன் அன்புராசா கனடாவில் எறிந்த முதல் பேஸ்போல் பந்து இன்னொரு பெடியனின் முதுகில் போய் விழுந்தது.

அது 1985ஆம் ஆண்டு வைகாசி மாதம். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவனுடைய பள்ளிக்கூடம். உடற்பயிற்சிப் பாடத்தில் பேஸ்போல் விளையாட விட்டிருக்கிறார்கள். அவனுக்கு அது புது விளையாட்டாகத் தோன்றவில்லை. கொழும்பில் படித்த காலத்தில் எல்லே விளையாடியவன். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வருவது. இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டான். ஆனால் எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அது பட்டால் அவன் ஆட்டமிழப்பான். அது ரெனிஸ் பந்து, பட்டாலும் நோகாது. பேஸ்போலில் அப்படி ஒரு விதி இல்லை. பந்தும் கல்லுப் போன்றது.

வேலி ஓரத்தில் நின்ற அன்புராசாவிடம் பந்து உருண்டு வந்தது. எடுத்தான். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனைக் குறிபார்த்து எறிந்தான். அந்தப் பெடியன் குப்புற விழுந்தான். இவன் இரண்டு கைகளையும் உயர்த்தி "அவுட்! அவுட்!" என்று துள்ளினானாம். துள்ளி முடிவதற்குள் நாலைந்து பேர் அவன்மேல் ஏறிவிட்டார்கள்.

வேலை இடத்துக்குத் தொலைபேசி வந்து, நான் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளி அதிபரின் அறையில், சட்டை கிழிந்து, உதடு வீங்கி இருந்தான். அவன் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான். பொலிஸ், வழக்கு என்று போனால் என்ன ஆகும்? "மன்னிக்க வேண்டும். இனிமேல் இவன் பந்தே எறியமாட்டான்" என்று அவனுக்காக நானே அதிபருக்கு வாக்குக் கொடுத்தேன்.

வெளியே நடையில் ஒருவர் தும்புத்தடியுடன் எங்களுக்காகக் காத்து நின்றார். கஸ்பர் என்று பெயர். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து இருபது வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்குபவர். மாலையில் அந்த வட்டாரப் பெடியன்களைச் சேர்த்து ஒரு பேஸ்போல் குழு நடத்துபவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அவன் நின்ற இடத்திலிருந்து பந்து பட்ட இடம்வரைக்கும் நடந்து அளந்து பார்த்தேன், எண்பத்திரண்டு எட்டு" என்றார் ஆங்கிலத்தில். "எறிய மாட்டான் என்று உள்ளே யாரோ சொன்னது கேட்டது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்."

அன்புராசாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, பட்டால் அவுட் இல்லையோ இஞ்சை?"

"இல்லை."

"அப்ப ஏன் மாமா அவன் ஓடினவன்?"

அன்புராசா என் அக்கா புனிதவதியின் ஒரே பிள்ளை. அத்தான் சிவபாதம் கொழும்பில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் கணக்கராக இருந்தார். 1983 ஆடி மாதம், அந்தத் திங்கட்கிழமை காலை, வழக்கம்போல் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போனார். அன்றைக்கு நகரம் எரிந்தது. அவர் திரும்பி வரவில்லை. அகதி முகாம், ஆஸ்பத்திரி, பிணவறை எங்கும் அவர் இல்லை. நான் அதற்கு எட்டு வருடம் முன்பே ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டவன்; கலியாணம் செய்யாத தனி ஆள். அடுத்த சித்திரையில் அக்காவையும் மகனையும் பொறுப்பேற்றுக் கூப்பிட்டேன்.

விமான நிலையத்தில் அக்கா பொட்டோடு வந்து இறங்கினார். கழுத்தில் தாலி இருந்தது. அத்தான் வருவார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வரமாட்டார் என்று யாரையும் சொல்ல விட்டதும் இல்லை. அத்தானின் படம் வரவேற்பறையில் இருந்தது. அதற்கு மாலை போடவில்லை.

குடிவரவுப் பத்திரங்களை நிரப்பியது நான்தான். எங்கள் வழக்கப்படி அத்தானின் பெயர் அ. சிவபாதம், முதலெழுத்து அவருடைய தகப்பனார் அருள்நாயகத்தினுடையது. மகன் சி. அன்புராசா. ஆனால் கனடாவுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் தகப்பனின் பெயரை எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அதோடு மகன் இந்த நாட்டின் பதிவேடுகளில் ஏ. சிவபாதம் ஆனான். தகப்பனும் ஆங்கிலத்தில் ஏ. சிவபாதம். எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை.

அவர்கள் வந்து இரண்டாம் மாதம் அத்தானின் பெயருக்கு முதற்கடிதம் வந்தது. கொழும்பில் ஒரு வங்கி அனுப்பியது. பழைய விலாசத்தை வெட்டி, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் விலாசத்தை எழுதித் திருப்பிவிட்டிருந்தார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"தம்பி, இவருக்கு எழுதியிருக்கினம்."

"அது சும்மா, எல்லாருக்கும் அனுப்பிறது அக்கா."

"ஆள் இல்லாட்டில் ஏன் எழுதுகினம்?"

அதற்குப் பிறகு நாலு நாள் எழும்பவில்லை. சாப்பிடவில்லை. அவர் தையல் தொழிற்சாலையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வேலை போயிற்று; இன்னொன்று கிடைக்க மாதங்கள் ஆயின.

அன்றுமுதல் கீழே வாசலில் இருந்த தபால்பெட்டியின் திறப்பை நான் என் சாவிச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டேன். என் தொழிலே கடிதங்கள்தான். ஒரு சஞ்சிகைக் கம்பனியின் சந்தாப் பிரிவில் வேலை. திரும்பி வரும் கடிதங்கள் என் மேசைக்கு வரும். 'இடம் மாறிவிட்டார்' என்று எழுதியிருந்தால் புது விலாசம் கேட்டு இன்னொரு கடிதம் போகும். 'ஆளைத் தெரியாது' என்றால் அடுத்த வருடம் திரும்பவும் அனுப்புவோம். 'காலமானார்' என்று எழுதியிருந்தால் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டோம். பெயரை நீக்கிவிடுவோம்.

ஆகவே அத்தானின் பெயருக்கு வந்தவற்றில் நான் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில், சிவப்புப் பேனையால், என் அழகான கையெழுத்தில் எழுதி, அக்கா காணுமுன் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிடுவேன். வங்கி, பழைய மாணவர் சங்கம், அவர் இளமையில் தபால்வழியாக ரேடியோ திருத்தப் படித்த அமெரிக்க நிறுவனம் ஒன்று. பிரித்துப் பார்ப்பதில்லை. செத்தவரின் கடிதத்தைப் பிரிக்க எனக்குப் பயம்.

கஸ்பர் விடவில்லை. அன்புராசாவும் விடவில்லை. அந்தக் கோடையிலேயே அவன் அவருடைய குழுவில் சேர்ந்துவிட்டான். அக்காவுக்கு அதில் மறுப்பு இல்லை. "வெளியிலை ஓடித் திரியட்டும் தம்பி, வீட்டுக்குள்ளை இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்றார். எனக்குத்தான் மறுப்பு. இரண்டு பாஷையில் படித்து வந்த நானே ஒரு மேசையும் கதிரையும் பிடிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பந்து எறிந்து எந்தத் தமிழன் சோறு தின்றான்? அவன் படிக்க வேண்டும். வோட்டலூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவன் என்னிடம் விளையாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட நான் போய்ப் பார்க்கவில்லை.

போனவர் சீமோன் அண்ணை. எங்கள் மாடியிலேயே குடியிருந்தவர், நாவாந்துறை ஆள், டாக்சி ஓட்டுபவர். சவாரி இல்லாத மாலைகளில் காரை மைதான ஓரத்தில் நிறுத்திவிட்டு, வறுத்த கடலைக் கடதாசிச் சரையோடு இருந்து பார்ப்பார். அவரிடமிருந்துதான் எனக்கு ஏதாவது தெரியவரும்.

"உம்மடை மருமேன்ரை கையிலை என்ன பூட்டியிருக்கு? வேலியடியிலை நிண்டு எறிஞ்சால் பந்து நிலத்திலை படாமல் நேரை போய்ப் பிடிக்கிறவன் கையிலை போட்டிருக்கிற கிளவுக்குள்ளை விழுது. அவன் கையை உதறுறான் பாவம்."

"படிப்பு எறிபட்டுப் போகுது, அது தெரியுமோ அண்ணை?"

"ஒருக்கா வந்து பாருமன். அஞ்சு மணிக்கு வந்து தபால்பெட்டியைத் துறந்து மூடுறதை விட்டால் வேறை என்ன வேலை உமக்கு?" அவர் கடலையை வாயில் போட்டார். "அங்கை அவனை என்னெண்டு கூப்பிடுறாங்கள் தெரியுமோ?"

"பட்டப்பேர் கதையெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணை" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் ஏறிவிட்டேன்.

கதவு மூடும்போது அவர் என்னவோ சொன்னார். கேட்கவில்லை.

மூன்று கோடைகள் போயின. வட்டாரக் குழுவிலிருந்து ஸ்காபரோ முழுவதற்குமான குழு. பிறகு மாகாணப் போட்டி. 1987 ஆவணியில் அமெரிக்கக் கழகம் ஒன்று நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஆள் தெரிவு நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட பெடியன்கள். ஒவ்வொருவனையும் ஓடவிட்டார்கள், அடிக்கவிட்டார்கள், தூரத்திலிருந்து எறியவிட்டார்கள். மாலையில் கழகத்துக்கு ஆள் தேடும் ஸ்கவுட் மூன்று பேரை மட்டும் நிற்கச் சொன்னாராம். அதில் ஒருவன் அன்புராசா. 'குளிர்காலத்தில் கடிதம் வரும். உள்ளே ஒப்பந்தம் இருக்கும். மாசி முடிவதற்குள் கையெழுத்து வைத்து அனுப்பு. பங்குனியில் புளோரிடாவில் நில்' என்று சொல்லி விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். தொலைபேசி எண்ணை அன்புராசா கொடுக்கவில்லை. அழைத்தால் நான்தான் எடுப்பேன் என்ற பயம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கார்த்திகை தொடங்கியதிலிருந்து நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது அவன் வந்து நிற்பது மட்டும்தான்.

"மாமா, எனக்கு ஏதும் வந்ததோ?"

"என்ன வரவேணும்?"

"ஒரு கடிதம்."

பல்கலைக்கழகக் கடிதம் என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன். "வரும், வரும். அவசரப்படாதை."

"தபால்காரன் பனிக்குள்ளை புதைஞ்சிட்டானோ?"

"வந்தால் தரமாட்டனே? உன்ரை பேருக்கு வந்ததை நான் வைச்சு என்ன செய்யிறது?"

அப்படித்தான் சொன்னேன்.

1988 தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பாதம் தாண்டிய பனி. வாசலில் தபால்பெட்டியைத் திறந்தேன். மின்சாரக் கட்டணம், ஒரு கடை விளம்பரம், தடித்த பழுப்பு உறை ஒன்று. அமெரிக்க முத்திரை. அனுப்பியவர் இடத்தில் பெயர் இல்லை. புளோரிடாவில் ஏதோ ஊரின் தபால்பெட்டி இலக்கம். முகப்பில் தட்டச்சில் 'மிஸ்டர் ஏ. சிவபாதம்'.

ரேடியோக்காரர் திரும்பவும் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த உறை என் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கொழும்பு விலாசம் இருக்கவில்லை. வெட்டியதும் இல்லை, மேலே எழுதியதும் இல்லை. எங்கள் விலாசம், எங்கள் மாடி, எங்கள் வீட்டு இலக்கம், நேராக, சுத்தமாகத் தட்டச்சில் இருந்தது. இதைக் கவனிக்க ஒரு வினாடி போதும். வேலையிடத்தில் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு வருடமாக 'மிஸ்டர் நவரட்ணம்' என்றால் திரும்பிப் பார்ப்பவன் நான். ஆனால் பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் 'மிஸ்டர்' ஆக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் சிவபாதம் என்றால் ஓர் ஆள்தான்.

அன்று அக்கா வேலையால் வருகிற நேரம் நெருங்கியிருந்தது. வாசலில் இருந்த சூடாக்கியின் மேல் உறையை வைத்து, சிவப்புப் பேனையை எடுத்து அந்தச் சொல்லை எழுதினேன். சப்பாத்து நனைய நனையத் தெருமுனைக்கு நடந்து போட்டுவிட்டு மேலே வந்தேன்.

"மாமா, எனக்கு ஏதும்?"

"இல்லையடா."

மாசி மாதக் கடைசியில் அவன் பள்ளிக்கூடத்துத் தொலைபேசியிலிருந்து கழகத்துக்கு அழைத்திருக்கிறான். எடுத்த பெண், 'எல்லாக் கடிதமும் தை மாதமே போய்விட்டது. வராதவர்களுக்கு இல்லை' என்று சொல்லியிருக்கிறாள். அதன்பின் கடிதம் கேட்பதை நிறுத்திவிட்டான். பங்குனியில் பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிட்டு, பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனான். நான் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சோறு சாப்பிட்டான். அக்கா, "விடு தம்பி, ஏதோ மனம் உடைஞ்சு போய் நிக்கிறான்" என்றார்.

சித்திரை முதற்கிழமை, சனிக்கிழமை காலை. கதவு மணி அடித்தது. அன்புராசாதான் போய்த் திறந்தான்.

கஸ்பர் நின்றார். கறுப்பு கோட், கழுத்துப்பட்டி, கையில் வெள்ளை லில்லிப் பூக்கொத்து. இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து, மேற்குக் கரையில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்தார். வந்ததும் தன் தபாலைப் பிரித்திருக்கிறார்.

கதவைத் திறந்தவனைக் கண்டதும் அவர் கையிலிருந்த பூ நழுவி விழுந்தது. பிறகு இரண்டு கைகளாலும் அன்புராசாவின் முகத்தைப் பிடித்து, கன்னம், காது, தோள் என்று தடவிக்கொண்டு, தன்னுடைய பாஷையில் என்னவோ சொல்லி அழத் தொடங்கினார்.

"ஆர் தம்பி உவர்? பூவோடை வந்திருக்கிறார்?" அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் கஸ்பர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அன்புராசாவிடம் நீட்டினார். கழகத்துக்குத் திரும்பி வந்த அதை ஸ்கவுட் கஸ்பருக்கு அனுப்பிவைத்திருந்தார். கூடவே ஒரு குறிப்பு. 'உங்கள் பெடியனின் செய்தி கேட்டு மனம் நொந்தேன். குடும்பத்தினர் இதை வைத்துக்கொள்ள விரும்பக்கூடும்.'

அன்புராசா உறையைப் பார்த்தான். முகப்பில் தட்டச்சில் பெயர், அதன் மேலே குறுக்காகச் சிவப்பில் அந்தச் சொல். அந்தக் கையெழுத்து அவனுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்துக்கு அவன் கொண்டுபோன ஒவ்வொரு அனுமதிக் கடிதமும் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது.

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"என்னடா அது?" அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அவன் உறையை மடித்துத் தன் சட்டைக்குள் செருகினான்.

"ஒண்டுமில்லை அம்மா. எங்கடை கோச். நாளைக்கு ஈஸ்டரல்லோ, அதுதான் பூ கொண்டு வந்திருக்கிறார்."

"எங்களுக்கென்ன ஈஸ்டர்? பாவம், மனுசன் அழுகுது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு." அக்கா குனிந்து பூக்களைப் பொறுக்கி, தண்ணீரில் நனைத்து, கொண்டுபோய்ச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார். தன் சாவுக்கு வந்த பூவை அன்புராசா பார்த்துக்கொண்டு நின்றான்.

கஸ்பரிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்: "தபாலில் யாரோ பிழை விட்டிருக்கிறார்கள்."

அவரை வழியனுப்ப நானும் அவனும் கீழே போனோம். கார் போனபின் அவன் தபால்பெட்டிகளுக்கு முன்னால் நின்றான்.

"எத்தினை தரம் எழுதினியள் மாமா?"

"என்னத்தை?"

"உந்தச் சொல்லை. அப்பான்ரை பேருக்கு மேலை."

"ஒரு... பத்து இருக்கும்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அவ தாங்கமாட்டா எண்டுதான்..."

"சொல்லப்படாது."

"அன்பு, உனக்கு நான் செய்தது பெரிய..."

"நான் அதைப் பற்றிக் கதைக்கேல்லை மாமா."

உறையை என் கையில் தந்துவிட்டுப் படியேறிப் போய்விட்டான். அதை நான்தான் பிரித்தேன். நாலு தாள் ஒப்பந்தம். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னச் சிலுவை போட்டிருந்தது. மேலே இருந்த கடிதத்தின் முதல் வரி 'அன்புள்ள அன்புராசா' என்று தொடங்கியது. பிரித்திருந்தால் அந்த வரியோடு எல்லாம் சரியாகியிருக்கும். கொடுத்த தவணை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

கஸ்பர் சும்மா இருக்கவில்லை. கழகத்தோடு பேசினார். ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நம்பவைக்கவே இரண்டு நாள் எடுத்ததாம். அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது; கோடையில் நடக்கும் தெரிவுக்கு வரட்டும் என்றார்கள்.

அந்த ஆடி மாதம் நான் லீவு எடுத்துக்கொண்டு முதன்முறையாகப் போனேன். சீமோன் அண்ணைதான் டாக்சியில் கூட்டிப்போனார். மரப்படியில் இருந்தோம். ஒருவர் கையில் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தார்.

"சீவாபாதம்! ஏ. சீவாபாதம்!"

என் உடம்பு தானாக எழும்பிவிட்டது. ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொல்லாத பெயர். வெய்யிலில், வெட்டவெளியில், நூறு பேர் கேட்க. தூரத்தில் புல்லுக்குள் நின்ற அன்புராசா கையை உயர்த்தி "இங்கே!" என்றான்.

"இரும், இரும்" என்று சீமோன் அண்ணை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான். நீர் விடேல்லை. அவன் அடிச்சால், எறிஞ்சால், சனம் முழுக்கச் சிவபாதம், சிவபாதம் எண்டுதான் கத்தும்."

ஐந்து எறிவு. முதலாவது பந்து புல்லுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கோடு போட்டதுபோல் போனது. இதைத்தானா நான் மூன்று வருடம் பார்க்காமல் இருந்தேன்? இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கொஞ்சம் உயரம் கூடியது. நாலாவது பாதியில் இறங்கி இரண்டு தரம் நிலத்தில் குத்திப் போனது. ஐந்தாவதை எறிந்துவிட்டு அவன் வலது தோளை இடது கையால் பொத்திக்கொண்டான்.

"பிறம்ரன் பெட்டி" என்றார் சீமோன் அண்ணை, கடலைச் சரையை மூடிக்கொண்டு. "தலைக்கு மேலை தூக்கித் தூக்கி அடுக்கிறவன்."

ஸ்கவுட் வேறொருவர், இளம் ஆள். பலகையில் ஏதோ எழுதினார். மாலையில் நிற்கச் சொன்ன பெயர்களில் அவன் இல்லை.

திரும்பும்போது அன்புராசா பின் ஆசனத்தில் என் பக்கத்தில் இருந்தான். தோளில் ஐஸ் பை. வெளியே பார்த்தபடி சொன்னான்.

"முதல் மட்ச்சிலை கஸ்பர் சிவபாதம் எண்டு கூப்பிடேக்கை நான் திரும்பிப் பாத்தனான் மாமா. அப்பா பின்னாலை நிக்கிறார் எண்டு." ஐஸ் பையைத் தோளில் சரிசெய்துவிட்டு, "பிறகு பழகிட்டுது. நல்லா விளையாடினால் அவரைக் கூப்பிடுவினம். அவ்வளவுதான்."

சீமோன் அண்ணை கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வானொலியைப் போட்டார்.

வாசலுக்கு வந்ததும், பழக்கத்தில் என் கை சங்கிலிக்குப் போனது. தபால்பெட்டிக்கு முன்னால் குனிந்தேன். அன்புராசா கையை நீட்டினான்.

"திறப்பைத் தாங்கோ மாமா."

கழற்றிக் கொடுத்தேன். அவன் எனக்குத் தந்த தண்டனை அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் அவன் பிறம்ரனில் பார ஊர்தி ஓட்டப் பழகினான். இப்போது மொன்றியலுக்கும் வின்சருக்கும் ஓடுகிறான். பந்தைத் தொட்டு நான் காணவில்லை. அக்கா இன்னும் பொட்டு வைக்கிறார். லில்லிப் பூ நல்ல மணம் என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேட்டு வாங்குகிறார். அன்புராசா வாங்கி வருகிறான். ஒப்பந்தம் என் மேசை லாச்சியில் இருக்கிறது, உறையோடு.

ஏ. சிவபாதம் என்ற பெயருக்கு இப்போது நிறையக் கடிதம் வருகிறது. அநேகமாக அவனுடையவை: ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், தொழிற்சங்கம், காப்புறுதி. 1989 ஐப்பசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒன்று கிடந்தது. கொழும்பு முத்திரை, பழைய விலாசம் வெட்டப்பட்டிருந்தது. அத்தானின் பழைய மாணவர் சங்கம். எத்தனையோ முறை நான் முடித்து அனுப்பிய பெயர் எப்படியோ அவர்களுடைய பட்டியலில் திரும்ப ஏறியிருந்தது.

உறையின் மேல் அன்புராசா நீலப் பேனையால், அவனுடைய கோணல் எழுத்தில், 'இடம் மாறிவிட்டார்' என்று எழுதியிருந்தான்.

"அன்பு" என்றேன், "அப்படி எழுதினால் நிக்காது. புது விலாசம் கேட்டு இன்னொண்டு அனுப்புவினம்."

"தெரியும் மாமா" என்றான், சப்பாத்துக் கட்டிக்கொண்டே.